துரைசாமி பேரில் ஒரு ரத்தக் கொதிப்பு

துரைசாமி பதினான்கு வருஷம் சிங்கப்பூர் சாலைகளுக்குத் தார் போட்டார். பதினான்கு வருஷமும் தினக்கூலி. காலையில் சர்க்கார் சாலை டிப்போவில் பெயரைக் கூப்பிட்டால் வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் சிராங்கூன் ரோட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான். அப்படித் திரும்பிய நாட்களில் அவர் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். ரோவல் ரோட்டில் மாடியறை ஒன்றில் குடியிருந்தார். மனைவி சிவகாமசுந்தரி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள் என்பதால், மத்தியானம் வரை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்து களைத்தவர்போல வருவார். நடிப்பு அதிகம் தேவைப்படவில்லை. நாற்பத்து மூன்று வயதில் அவர் எப்போதுமே களைத்துத்தான் இருந்தார்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாதம் டிப்போவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தினக்கூலிகளில் நாற்பது பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். மற்றவர்களுக்கு வருஷக் கடைசியோடு வேலை முடிந்தது. நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம், காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம், வயதானால் பென்ஷன். அதற்கு ஒரு மருத்துவச் சோதனை. முழங்கால் உயரப் பெட்டி ஒன்றில் மூன்று நிமிஷம் ஏறி இறங்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் என்று டிப்போவில் கணக்கு எழுதும் கிராணி விளக்கினார்.

அன்றைய சாப்பாட்டு வேளையிலேயே ஒத்திகை தொடங்கிவிட்டது. ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆள் மாற்றி ஆள் ஏறி இறங்கினார்கள். ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினான். துரைசாமி ஒன்றரை நிமிஷத்தில் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு துருத்தி போல ஏறி இறங்கியது.

“அண்ணே, பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். துரைசாமியும் சிரித்தார். அதற்கும் மூச்சு போதவில்லை.

தனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று அவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். மூச்சு வாங்குகிறவன் நோயாளி, மூச்சு வாங்காதவன் ஆரோக்கியசாலி என்பதில் டிப்போவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மனிதன் வாழ்நாள் முழுவதும் தன் உடம்புக்குள்ளேயே குடியிருக்கிறான். ஆனாலும் அதைப் பற்றி அவனுக்குத் தெரிவதெல்லாம் வெளியே கேட்கிற சத்தத்தை வைத்து ஊகித்ததுதான். பத்து வருஷம் குடித்த சுருட்டும், பதினான்கு வருஷம் சுவாசித்த தார்ப்புகையும், ஒரு வேளைச் சாப்பாட்டோடு தள்ளிய நாட்களும் மூச்சைக் குறைத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வழியைச் சொன்னவள் சிவகாமசுந்தரி.

“நம்ம தம்பி போனா என்னங்க?”

அவள் தம்பி மாணிக்கம் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறவன். முப்பத்தெட்டு வயது. பெரிய மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகைமேல் நடக்கும்போதே பக்கத்தில் போகிறவனைக் கிண்டல் செய்துகொண்டு போவான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் குடும்பமே கிழங்கு தின்று வீங்கிக் கிடந்தபோது நிமிர்ந்து நின்றவன் அவன் ஒருவன்தான். தலைவலி என்று படுத்ததில்லை. தொழிற்சங்கத்தின் கயிறு இழுக்கும் குழுவில் கடைசி ஆள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவன் குதிகாலை ஊன்றிவிட்டால் எதிரணி நகராது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னார்கள்.

“மூணு நிமிஷமா? மூணு மணி நேரம் ஏறுவேன் மச்சான். டாக்டரத் தோள்ல உக்கார வச்சே ஏறவா?”

“பேரு கேட்டா துரைசாமின்னு சொல்லணும்டா” என்றாள் அக்கா.

“அது ஒண்ணுதான் கஷ்டம். மச்சான் மாதிரி முகத்தத் தொங்கப் போடணுமே, அதுக்கு எங்க போறது?”

அடையாள அட்டையில் இருந்த படம் பதினான்கு வருஷம் பழையது. மங்கிப்போய் அது யாராகவும் இருக்கலாம். சோதனை நடந்த இடத்தில் அதையும் யாரும் கேட்கவில்லை. வரிசையில் அறுபது பேர். சோதனைக்கு அழைத்த கடிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

மாணிக்கம் சாயங்காலம் வந்து கால் நீட்டி உட்கார்ந்தான்.

“ஏறினேன், எறங்கினேன். மூச்சு கூட வாங்கல. அந்தப் பட்டையக் கட்டினாங்க, அவுத்தாங்க, திருப்பிக் கட்டினாங்க. மூணு தடவ. அப்புறம் இன்னொரு டாக்டர வேற கூப்பிட்டுக் காட்டினாங்க. இப்படி ஒரு கைய அவங்க பாத்ததில்ல போல, அக்கா.”

சிவகாமசுந்தரி தம்பிக்கு இரண்டாவது தடவை மீன்குழம்பு ஊற்றினாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. கிராணி அதை உரக்கவே வாசித்தார். அவருக்கு மெதுவாக வாசிக்கத் தெரியாது. துரைசாமி: தகுதி இல்லை. உயர் ரத்த அழுத்தம். கனமான வேலை கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வட்டார டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து வாங்க வேண்டும். நவம்பருக்குள் குறைந்தால் மறு சோதனை உண்டு.

அன்றிலிருந்து தார் போடும் கூட்டத்தில் அவரை மண்வெட்டியைத் தொட விடவில்லை. சிவப்புக் கொடியைக் கையில் கொடுத்து லாரிகளை நிறுத்தச் சொன்னார்கள். முன்பு சிரித்தவனே, “அண்ணே, நிழல்ல நில்லுங்க” என்றான். பதினான்கு வருஷமாக யாரும் காட்டாத பரிவு, இல்லாத ஒரு நோய்க்காக அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் வெயிலில் நின்றார்.

மாணிக்கத்துக்கு விஷயம் வேடிக்கையாக இருந்தது.

“மெஷின் கெட்டுப்போயிருக்கும் மச்சான். இல்லாட்டி உங்க பேரு ராசி.”

“பேருல எப்படிடா கொதிப்பு வரும்? பட்டைய உன் கையிலதானே கட்டினாங்க?”

“என் கையிலதான் கட்டினான். ஆனா எழுதினது யாருக்கு? துரைசாமிக்கு. டாக்டர் படிச்சவன்லா, அவனுக்குத் தெரியாதா யாருக்கு நோய்னு?”

துரைசாமி டிஸ்பென்சரிக்குப் போனார். போகாமலிருந்தால் மறு சோதனை கிடையாது. அங்கே டிரெஸர் ஒலி முகம்மது என்று ஒருவர். மருந்து கலப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், ரத்த அழுத்தம் பார்ப்பதும் அவர் வேலை. முப்பது வருஷமாக மனிதர்களின் கையை மட்டுமே பார்த்துச் சலித்தவர். சோதனை முடிவு எழுதிய அட்டையை எடுத்துப் படித்தார். புருவம் உயர்ந்தது. பட்டையைக் கட்டி பாதரசத்தைப் பார்த்தார்.

“நூத்தி இருபத்தாறு. இப்ப ஒண்ணுமே இல்லையே.”

துரைசாமி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“சரி, சிலருக்கு ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி. பெட்டி ஏறினப்ப காட்டினதுதான் உண்ம. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்ல பாய்.”

“உக்காந்திருக்கிறப்பவே நூத்தி அம்பத்தெட்டு. ஏறி எறங்கினதும் இருநூத்தி முப்பத்தாறு. அதையாவது விடுங்க, கீழ உள்ள எண்ணு நூத்திப் பதினெட்டு. அதான் டாக்டர் ரெண்டு கோடு போட்டிருக்காரு. அஞ்சு நிமிஷம் கழிச்சும் சரியா எறங்கல.”

“ஏறினா எல்லாருக்கும் கூடும்தானே?”

“மேல உள்ளது கூடும். கூடணும். வேல செய்றப்ப சதைக்கு ரத்தம் நெறைய வேணும், இதயம் வேகமாத் தள்ளும். நல்ல ரத்தக்குழாய்னா அந்த நேரத்துல விரிஞ்சு வழி விடும். அதனால கீழ உள்ள எண்ணு நின்ன எடத்துலயே நிக்கும், இல்லாட்டி கொஞ்சம் எறங்கும். உங்க குழாய் விரிய மாட்டேங்குது. அப்ப இதயம் என்ன பண்ணும்? இன்னும் பலமாத் தள்ளும். வருஷக்கணக்காத் தள்ளித் தள்ளி அதோட சுவரே தடிச்சுப் போகும்.”

“தடிச்சாப் பலம்தானே பாய்?”

“கை தடிச்சாப் பலம். இது தடிச்சா வெறச்சுப் போகும். விரிஞ்சு ரத்தத்த வாங்கிக்க முடியாது. அதுக்கே ரத்தம் பத்தாமப் போகும்.” ஒலி முகம்மது பட்டையைச் சுருட்டினார். “நடக்கலாம், ஒண்ணும் இல்ல. மூச்ச அடக்கிக்கிட்டுத் தூக்குறது, இழுக்குறது, அதுதான் ஆகாது. சதை இறுகி ரத்தக்குழாய நசுக்கும், ஏற்கெனவே கூடின அழுத்தம் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. மூளையில ஒரு குழாய் தாங்காட்டி, அவ்வளவுதான்.”

“வலி இருக்குமா?”

“வலிச்சா நல்லதாச்சே. வந்து சொல்லிடுவாங்களே.”

மாத்திரைப் பொட்டலத்தோடு துரைசாமி கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் வந்து நின்றார். வேறொருவனுடைய இதயத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டவர் அந்தத் தெருவில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

பாய் சொன்னதையெல்லாம் சொல்லிக் கொடுத்த மாத்திரையை மாணிக்கம் தொடவில்லை. “துரைசாமிக்குக் குடுத்த மருந்த மாணிக்கம் தின்னா அது கள்ளத்தனம் மச்சான்” என்றான். தனி டாக்டரிடம் போகலாம் என்றால், “மூட்ட தூக்குறவன் டாக்டர்கிட்ட போனான்னு தெரிஞ்சா அடுத்த நாள் எனக்கு மூட்ட குடுக்க மாட்டான் கங்காணி” என்றான். அது உண்மைதான். துறைமுகத்தில் பலம் மட்டுமே அவனுடைய சான்றிதழ்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் திடலில் தொழிற்சங்கங்களின் விளையாட்டுப் போட்டி நடந்தது. துரைசாமி போயிருக்க வேண்டாம். போனார். கயிறு இழுக்கும் போட்டி கடைசியில் வந்தது. மாணிக்கம் கயிற்றை இடுப்பில் சுற்றிக் குதிகாலால் புல்லைக் கிண்டிக் குழி செய்து சாய்ந்தான். விசில் ஊதியது.

அதுவரை இருபது தடவை அதைப் பார்த்திருக்கிறார் துரைசாமி. அப்போதெல்லாம் கண்ணில் பட்டது கயிறு, எதிரணியின் கால், நடுவில் கட்டிய சிவப்புத் துணி. இந்தத் தடவை மச்சினனுடைய கழுத்தைத் தவிர வேறெதையும் அவரால் பார்க்க முடியவில்லை. மாணிக்கம் மூச்சை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டான். நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்தது. முகம் செம்பாகி, பிறகு கறுத்தது. கூட்டம் “இழு! இழு!” என்று கத்த, துரைசாமி மனதுக்குள் “விடு, விடு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் துணி நகரவில்லை. பிறகு எதிரணி சரிந்தது.

எல்லோரும் குதித்தார்கள். மாணிக்கம் புல்லில் உட்கார்ந்து சிரித்தான். துரைசாமி பக்கத்தில் போய்க் குந்தினார். மற்றவர்கள் எழுந்து, சர்பத் குடித்து, சட்டை மாற்றிக்கொண்ட பிறகும் அவன் கழுத்தில் அந்தத் துடிப்பு அடங்கவில்லை. தோலுக்கடியில் ஏதோ வெளியே வரத் தட்டுவதுபோல இருந்தது.

“என்ன மச்சான், செத்த வீட்டுக்கு வந்த மாதிரி பாக்குறீங்க?”

“கண்ணு இருட்டுதா?”

“கொஞ்சம் பூச்சி பறக்குது. வெயில்லா.”

அக்டோபரில் மூன்றாவது தடவை டிஸ்பென்சரிக்குப் போனபோது ஒலி முகம்மது முதன்முதலாகச் சிரித்தார்.

“மூணு தடவையும் நார்மல். மருந்து நல்லா வேல செஞ்சிருக்கு. மாத்திரைய நிறுத்திடலாம்னு எழுதறேன். மறு சோதனையில நீங்க பாஸ். இந்த அட்டைய முடிச்சிடலாம்.”

துரைசாமி ஒரு மாத்திரைகூடத் தின்றதில்லை. அவருடைய உடம்பு முதலிலிருந்தே நல்ல உடம்பு. மூச்சு வாங்கியிருக்கும், சிரித்திருப்பார்கள், ஆனால் டாக்டர் பார்த்தது மூச்சை அல்ல, அழுத்தத்தைத்தான்; ஆகஸ்டிலேயே அவரே போயிருந்தால் தேறியிருப்பார். இந்த உண்மை அவருக்கு ஆறுதலாக இல்லை. தன்னிடம் இருந்ததை நம்பாமல் போய் வாங்கி வந்த வினை அல்லவா இது.

வீட்டில் சொன்னதும் சிவகாமசுந்தரி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை பாதியில் நின்றது.

“அப்ப தம்பிக்கு?”

“அட்டைய முடிச்சிட்டா அவனுக்கு நோயே கெடையாது. எந்தக் காகிதத்துலயும் இருக்காது.”

“சொல்லிட்டா?”

“வேல போயிடும். பேரு மாத்தி அனுப்பினதுக்குப் போலீஸுக்குக்கூடப் போகலாம்.”

அவள் அரிசி களைய உட்கார்ந்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தாள். ஒரு பக்கம் புருஷனுடைய வேலை, மறுபக்கம் உடன்பிறந்தவன் உயிர். இதைச் செய்யுங்கள் என்று அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறு சோதனைக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் துரைசாமி மூன்று தடவை துறைமுக வாசலுக்குப் போய் மாணிக்கத்தைக் கெஞ்சினார். மூன்றாவது தடவை அவன் கூட்டாளிகள் முன்னால், “எங்க மச்சான் அவரு நோய எனக்குக் குடுத்திட்டு வேலைல சேரப் பாக்குறாரு” என்று சொல்லிச் சிரித்தான்.

அடுத்த நாள் அவர் டிஸ்பென்சரி பெஞ்சில், வரிசை முடியும்வரை காத்திருந்தார். நல்லவனாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் போனவர் இல்லை அவர். நல்லவனாக இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. ஒருவனுடைய கழுத்தை எந்நேரமும் நினைவில் சுமந்துகொண்டு, பென்ஷன் வாங்கும் வயது வரை கொடியைப் பிடிக்க முடியாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

“பாய், அந்த அட்டையில எழுதினது எல்லாம் சரி. பேரு மட்டும் தப்பு.”

ஒலி முகம்மது முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத நீங்க சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“தெரியும் பாய்.”

“நான் மேல எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது.”

“எழுதுங்க. அவன வரச் சொல்லி எழுதுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டான். சர்க்கார் கூப்பிட்டா வருவான்.”

அப்படித்தான் நடந்தது. ஆள்மாறாட்டம் பற்றி விசாரிக்க மாணிக்கத்தை அழைத்தார்கள். திட்டு வாங்கத் தயாராக, தோளை நிமிர்த்திக்கொண்டு போனவனை, அன்றைக்குச் சோதித்த அதே டாக்டர் முதலில் நாற்காலியில் உட்கார வைத்துச் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். பாதரசம் அன்றைக்கு நின்ற இடத்துக்கும் மேலே போய் நின்றது. இந்தத் தடவை மாணிக்கம் என்று எழுதினார்கள்.

போலீஸுக்குப் போகவில்லை, அதற்குமேல் இரக்கம் காட்டவும் இல்லை. துரைசாமியின் பெயரை மறு சோதனைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். டிசம்பர் கடைசி நாள் கிராணி அவரிடம் கொடியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “உடம்பப் பாத்துக்குங்க” என்றார், பழக்கத்தில். ஜனவரி கடைசியில் கேலாங்கில் ஒரு மரக்கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. முன்பைவிடக் குறைந்த கூலி. ஆனால் தினமும் பெயர் கூப்பிட வேண்டியதில்லை.

துறைமுகத்தில் மாணிக்கத்தை மூட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிழிந்த சாக்குகளைத் தைக்கும் இடத்தில், தன்னைவிட இருபது வயது மூத்தவர்களோடு உட்கார வைத்தார்கள். கயிற்றில் வேறொருவன் கடைசி ஆளானான். மாணிக்கம் நாலு மாதம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. உயிரைக் காப்பாற்றினார் என்ற எண்ணம் அவனுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தாலும், ஒருவனுடைய பலத்தைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாகக் கொடுக்கிற உயிரை அவன் எப்படி எடைபோடுவான் என்பது வேறு விஷயம்.

சிவகாமசுந்தரிதான் துறைமுகத்துக்கே போய், வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் அழுது, அவனை மாத்திரை தின்ன வைத்தாள். டிஸ்பென்சரிக்குத் தனியாக விட்டால் போகமாட்டான். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை துரைசாமி கூடப் போக வேண்டும் என்று ஏற்பாடு. இருவரும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒலி முகம்மது ஒருவனுடைய கையை மட்டும் கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை பாதரசம் முதல் தடவையாக நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கி நின்றது. மாணிக்கம் எழுந்து வெளியே போனான். சிராங்கூன் ரோட்டில் பூக்கடைகளையும் மாட்டுவண்டியையும் ஒதுக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். துரைசாமி பத்தடி பின்னால்.

“மெதுவாப் போடா.”

“நடக்கலாம்னு பாய் சொல்லிட்டாரு. நீங்க ஏன் மச்சான் பின்னாலயே நிக்கிறீங்க? உங்களுக்குத்தான் நார்மலாச்சே, ஓடி வாங்க.”

அவன் அவரிடம் நேராகப் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. துரைசாமிக்கு மூச்சு வாங்கியது. ஒரு கடைத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாணிக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான், இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு இடுப்பில் கைவைத்து, அவர் வந்து சேரும்வரை அங்கேயே நின்றான்.